ஸ்ட்ரிப் மாலுக்குத் தமிழில் என்ன சொல்?

தருமபுரியிலிருந்து, வணிகவியல் ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். இளங்கலை மாணவர்களுக்கான சில்லறை வணிகப் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ஒரே ஒரு பத்தி என்னை நகரவிடாமல் வைத்திருக்கிறது. ஸ்ட்ரிப் மால், மூடிய மால் ஆகிய இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட வேண்டும். என் கையிலுள்ள சொற்பட்டியலோ இரண்டுக்கும் ‘வணிக வளாகம்’ என்றே தருகிறது.

பொருள் இதுதான். ஸ்ட்ரிப் மாலில் கடைகள் ஒட்டினாற்போல் ஒரே வரிசையில் சாலையைப் பார்த்து நிற்கும். வண்டி நிறுத்துமிடம் முன்னாலேயே இருக்கும். இறங்கியவர் வேறு எந்தக் கடையையும் கடக்காமல் தமக்கு வேண்டிய கடைக்குள் நேரே நுழைவார். அமெரிக்காவில் பெரும்பாலும் ஒரு மளிகைக் கடையோ மருந்துக் கடையோ அந்த வரிசைக்கு ஆளிழுக்கும். மூடிய மாலில் கடைகள் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குளிரூட்டப்பட்ட பொது நடைகூடத்தை நோக்கித் திறக்கும். மினசோட்டா மாநிலத்தின் எடைனாவில் விக்டர் குரூயன் வடிவமைத்து 1956-இல் திறக்கப்பட்ட சவுத்டேல் இவ்வகைக்கு முன்மாதிரி. வெளியே உறைபனியாக இருந்தாலும் உள்ளே ஆண்டு முழுவதும் ஒரே இதமான வெப்பநிலை என்பதே அதன் கவர்ச்சி. இரு சொற்கள் தந்து உதவுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, உங்கள் சொற்பட்டியல் பாதி சரி, பாதி பிழை. வளாகம் என்பது ‘வளை’ என்னும் வேரிலிருந்து வந்தது. சூழப்பட்ட இடம் என்பதே அதன் பொருள். புறநானூற்றின் 189-ஆம் பாட்டில் நக்கீரர் ‘தெண்கடல் வளாகம்’ என்று பாடுவது கடலால் சூழப்பட்ட உலகத்தை. ஆகவே நாற்புறமும் சுவர் வளைத்த மூடிய மாலுக்கு மட்டுமே வளாகம் என்ற பெயர் உரியது. ஒருபக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும் கடைவரிசையை வளாகம் என்பது, மதில் இல்லாத ஊரைக் கோட்டை என்பதற்கு ஒப்பாகும். ஸ்ட்ரிப் மாலுக்கு ‘நிரைக்கடை’ என்று வையுங்கள். நிரை என்றால் வரிசை. ஆநிரை கவர்தல் படித்த மாணவனுக்கு விளக்கம் தேவைப்படாது.

‘கடை’யையும் சற்று எண்ணிப் பாருங்கள். தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமையின் இடப்பொருள் சொற்களில் கடையையும் வைக்கிறார். ஓரம், வாயில் என்னும் பொருள்கள் அதற்கு உண்டு. தலைக்கடை என்று வீட்டு முன்வாயிலைச் சொல்கிறோம். தெருவைப் பார்த்த வாயிலில் பொருளை வைத்து விற்றதால்தான் அது கடையாயிற்று என்பது என் துணிபு. அப்படிப் பார்த்தால் ஸ்ட்ரிப் மாலில் இருப்பவையே உண்மையான கடைகள். மூடிய மாலுக்குள் இருப்பவற்றுக்கு வேறு பெயர்தான் தேட வேண்டும்.

ஓசூரிலிருந்து, கட்டடப் பொறியாளர்:

ஐயாவின் வேர்ச்சொல்லில் குறையில்லை, ஊர்வழக்குதான் ஒத்துழைக்கவில்லை. சாலையோரமாக எட்டு ஷட்டர் வைத்து, மாடியில் ஒரு டியூஷன் சென்டருக்கு இடம் விட்டுக் கட்டுபவர்கூட முகப்பில் ‘வணிக வளாகம்’ என்றே எழுதச் சொல்கிறார். பேச்சில் அது காம்ப்ளெக்ஸ். நக்கீரர் வந்து சொன்னாலும் அந்தப் பலகையைக் கழற்றமாட்டார்கள். சொல் ஏற்கெனவே கடைவரிசைக்குக் குடிபோய்விட்டபின் அதை மூடிய மாலுக்கு ஒதுக்கினால், மாணவன் தலைகீழாகப் புரிந்துகொள்வான்.

ஆசிரியை ஒன்றை விட்டுவிட்டார். எங்கள் பாகலூர் சாலையில் அடுத்தடுத்து இருக்கும் கடைகளும் வரிசையாகத்தான் சாலையைப் பார்த்து நிற்கின்றன. அதனால் அவை ஸ்ட்ரிப் மால் ஆகிவிடா. ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர், ஒரு மட்டம், ஒரு படிக்கட்டு. வண்டி நிறுத்துவது நடுச்சாலையில். ஸ்ட்ரிப் மாலோ ஒரே உரிமையில், ஒரே நிர்வாகத்தில் இருக்கும். வண்டி நிறுத்துமிடமும் அதன் நிலத்துக்குள்ளேயே வரும். பராமரிப்புச் செலவிலும் இரண்டுக்கும் தூரம் அதிகம்: நடைகூடத்தின் குளிரூட்டல், நகரும் படிக்கட்டு, காவல், துப்புரவு என்று மூடிய மால் கடைக்காரரிடம் வாடகைக்கு மேல் வாங்குவது கனமாக இருக்கும், ஸ்ட்ரிப் மாலில் முன்வெளியும் விளக்கும்தான். மருந்துக்கடைக்காரர் இரவு வெகுநேரம் திறந்து வைக்கலாம். மாலுக்குள் இருப்பவர் பொது நேரத்துக்குக் கட்டுப்பட வேண்டும். ‘நிரைக்கடை’ என்றால் இந்த ஒரே நிர்வாகம் என்ற பொருள் எங்கே வருகிறது? ‘கடைத்தொகுதி’ என்று சொல்லலாமே.

இன்னொன்று. பேரங்காடி என்றால் ஏதோ உயர்ந்த பொருள் என்று நினைக்கிறோம். எங்கள் ஊரில் கன்னடம் பேசும் வீட்டில் பெட்டிக்கடையும் அங்கடிதான்.

அரூரிலிருந்து, ஓர் ஆய்வு மாணவர்:

மூத்தோர் பொறுத்தருள்க. ‘மால்’ என்பதையே ஏன் விரட்ட வேண்டும்? அதன் ஆங்கில வரலாறு பந்தும் கொட்டாப்புளியும் வைத்து ஆடிய ஓர் இத்தாலிய விளையாட்டில் தொடங்குகிறது; லண்டனில் அந்த ஆட்டத்துக்கென ஒதுக்கிய, மரங்கள் சூழ்ந்த பாதைக்கு அப்பெயர் நின்று, பிறகு நிழல் நடைபாதைக்கும் கடைசியில் கடைகள் சூழ்ந்த நடைகூடத்துக்கும் வந்து சேர்ந்தது. புகாரின் நாளங்காடியைச் சிலப்பதிகாரம் ‘கடைகால் யாத்த மிடைமரச் சோலை’ என்கிறது. அங்கே மரங்களே கடைக்குக் கால்கள். மரநிழலில் பிறந்த வாணிகம் இரு மொழியிலும் ஒன்றே.

தமிழில் மால் என்றால் பெருமை, மயக்கம் என்ற பொருள்களும் உண்டு. மூடிய மாலுக்குள் நுழைந்தவர் வந்த காரியத்தை மறந்து திரிவதைக் ‘குரூயன் விளைவு’ என்று அந்தக் கட்டடக் கலைஞர் பெயராலேயே குறிக்கிறார்கள். பெரியதும் மயக்குவதும் மால். இதைவிடத் தூய தமிழ் வேறென்ன வேண்டும்? மூடியதை மால் என்றும், திறந்ததைப் ‘புறக்கடை’ என்றும் சொல்லலாம். அகமும் புறமும் நம் இலக்கணம்தானே.

கிருஷ்ணகிரித் தமிழாசிரியர்:

தம்பி, ஒலி ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாடினால் மாலியும் மாலனும் ஒரே குடும்பம் ஆகிவிடுவார்கள். மயக்கம் என்பது பொருத்தம், வேர் ஆகாது. அதைவிட, புறக்கடை என்பது கொல்லைப்புறம். வேளாண்துறை ‘புறக்கடைக் கோழி வளர்ப்பு’ என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுக்கிறது. தேர்வில் ஸ்ட்ரிப் மாலை விளக்கச் சொன்னால் பாதி விடைத்தாளில் முட்டை இருக்கும்.

காரிமங்கலத்திலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

எல்லாரும் கட்டடத்தின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். வேறுபாடு கதவு பார்க்கும் திசையில் இருக்கிறது. அளவோ கூரையோ காரணமன்று. சிறிய மூடிய மாலும் உண்டு, நீண்ட கடைவரிசையும் உண்டு. சாலைமுக அங்காடி, உள்முக அங்காடி என்று வைத்தால் படித்தவுடன் படம் வந்துவிடும். ‘புறமுக அங்காடி’ என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதியமான் ஆண்ட தகடூரில் புறமுகம் காட்டுவது அழகன்று.

தருமபுரி ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. அச்சகம் இருமுறை கேட்டுவிட்டது. ‘நிரைக்கடைத் தொகுதி’ என்பதற்கு ஐந்து பேரும், ‘சாலைமுக அங்காடி’ என்பதற்கு மூவரும் தனிமடலில் இசைவு தெரிவித்திருக்கிறார்கள். இன்னும் இருவர் எதையாவது முடியுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். முதலாவதையே போடுகிறேன். ஓசூர் ஐயா சொன்ன ஒரே நிர்வாகம் ‘தொகுதி’யில் அடங்கும் என்று கொள்கிறேன். மூடியதை ‘உள்முகப் பேரங்காடி’ என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘மால்’ என்றும் குறிக்கிறேன்.

ஓசூர்ப் பொறியாளர்:

தொகுதி என்றவுடன் மாணவன் எம்.எல்.ஏ. யார் என்று கேட்பான். ஆனாலும் போடுங்கள்.

கிருஷ்ணகிரித் தமிழாசிரியர்:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். முகம் உள்ளே திரும்பினால் போதுமா? மேற்கூரை இல்லாமல் நடுமுற்றத்தை நோக்கித் திறக்கும் கடைகளும் உள்முகம்தான். அவை மூடிய மால் அல்ல. வளாகம் என்ற சொல் அந்த மூடலைச் சொல்லும். அடுத்த பதிப்பில் திருத்துக.