ஆடியோ இன்டர்ஃபேஸ்: 'ஒலி இடைமுகம்' சரியா?

அனைவருக்கும் வணக்கம். சிறு நிறுவனங்கள் தங்கள் தொழில் பற்றி வலையொலி (பாட்காஸ்ட்) தொடங்க என்னென்ன கருவி வாங்கவேண்டும் என்று ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். டைனமிக் மைக்குக்கு 'இயங்கியல் ஒலிவாங்கி', கண்டென்சர் மைக்குக்கு 'ஒடுக்கி ஒலிவாங்கி', ஃபாண்டம் பவருக்கு 'பேய்மின்', ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு 'ஒலி இடைமுகம்', கெயினுக்கு 'ஈட்டம்' என்று போட்டிருக்கிறேன். சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

---

வணக்கம். 'வலையொலி' ஊன்றிவிட்டது, அதைத் தொடவேண்டாம். பாட்காஸ்ட் என்ற சொல்லே 2004இல் ஐபாடையும் பிராட்காஸ்டையும் ஒட்டவைத்துப் பிறந்தது, 2022இல் ஐபாடையே நிறுத்திவிட்டார்கள், நம் சொல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை.

> இயங்கியல் ஒலிவாங்கி, ஒடுக்கி ஒலிவாங்கி

இரண்டுமே வேண்டாம். இயங்கியல் என்பது இயற்பியலில் ஒரு பிரிவு. டைனமிக் மைக்கில் மெல்லிய சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசைகிறது, அந்த அசைவுதான் மின்சாரமாகிறது. பாடநூலில் 'இயங்குசுருள் கால்வனாமீட்டர்' இருக்கிறதே, அந்த முன்பாதியை எடுத்து 'இயங்குசுருள் ஒலிவாங்கி' என்று வைத்தால் போயிற்று. கண்டென்சர் என்பது கெபாசிட்டரின் பழைய பெயர், அதற்கு 'மின்தேக்கி' எல்லாரும் படித்ததுதான். ஒடுக்கி என்றால் குளிர்சாதனப்பெட்டி பழுதுபார்க்கிறவர் திரும்பிப் பார்ப்பார்.

இந்த வேறுபாடு உங்கள் வாசகருக்கு முக்கியம். தொழில் வலையொலியைப் பெரும்பாலும் அலுவலகக் கூட்ட அறையில்தான் பதிவார்கள்: கண்ணாடிச் சுவர், வெறும் மேசை, மேலே ஏசி இரைச்சல். மின்தேக்கி வகை நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும், அதனால் அறையின் எதிரொலியும் சேர்ந்தே வரும். இயங்குசுருள் வகைக்கு உணர்திறன் குறைவு, நாலு விரல் முதல் ஒரு சாண் தூரத்துக்குள் வாயை வைத்துப் பேசவேண்டும், அப்படிப் பேசினால் அறை பின்னால் போய்விடும். அறை சரியில்லை என்றால் இயங்குசுருள் என்று கையேட்டில் ஒரே வரியில் எழுதிவிடுங்கள்.

> பேய்மின்

சிரித்துவிட்டேன். தனிக் கம்பி இல்லாமல், ஒலியைக் கொண்டுவரும் அதே வடத்தின் வழியாக மைக்குக்குப் போகும் மின்சாரம் அது, வழக்கமாக 48 வோல்ட். கண்ணுக்குத் தெரியாமல் போவதால் ஆங்கிலத்தில் ஃபாண்டம், அதாவது பேய், என்று பெயர் வைத்தார்கள், நாமும் பேயைக் கூப்பிடவேண்டியதில்லை. 'மின்னூட்டம்' என்று யாராவது சொல்வதற்குள் ஒன்று: அது பாடநூலில் சார்ஜுக்குப் போய்விட்டது. 'ஒலிவட மின்சாரம்' என்று வையுங்கள்.

> ஒலி இடைமுகம்

இதுதான் எனக்கு உறுத்துகிறது. திரையில் நாம் பார்த்துத் தொடுகிற ஒன்றுக்கு இடைமுகம் பொருந்தும். இந்தப் பெட்டிக்கு என்ன முகம்? மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட், அதை உயர்த்தி, எண்களாக மாற்றி, யூஎஸ்பி வழியாகக் கணினிக்குள் அனுப்புகிறது. உயர்த்துவதும் ஏற்றுவது, உள்ளே அனுப்புவதும் ஏற்றுவது (பதிவேற்றம் என்கிறோமே). ஆகவே 'ஒலியேற்றி'. யூஎஸ்பி மைக் என்றால் இந்த ஒலியேற்றி மைக்குக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று சொன்னால் வாசகருக்குச் சட்டென்று பிடிபடும். ஒருவரே பேசுவதாக இருந்தால் அது போதும். எதிரில் விருந்தினர் உட்கார்வார் என்றால் இரண்டு உள்ளீடு உள்ள ஒலியேற்றி வாங்கச் சொல்லுங்கள். யூஎஸ்பி மைக் இரண்டை ஒரே கணினியில் செருகினால் ஒவ்வொன்றும் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடும், நேரம் போகப்போக இரண்டு குரலும் விலகும், அது போக ஆடாசிட்டி போன்ற மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரு கருவியிலிருந்துதான் பதியும்.

மைக்கிலிருந்து வருவதை எவ்வளவு உயர்த்துவது என்கிற அளவுதான் கெயின், அதற்குப் 'பெருக்கம்' போதும். தொழில் வலையொலிக் கையேட்டில் 'ஈட்டத்தைக் குறையுங்கள்' என்று எழுதினால் முதலாளி மயங்கி விழுவார்.

பாப் ஃபில்டரை விட்டுவிட்டீர்கள். 'வெடிப்பொலி தடுப்பி' என்று சிலர் எழுதுகிறார்கள், ஆனால் அது தடுப்பது ஒலியை அல்ல, ப சொல்லும்போது மைக்கில் மோதும் காற்றை. 'மூச்சுத்திரை' என்பேன். ஹெட்போன் ஹெட்போனாகவே இருக்கட்டும், காதை முழுக்க மூடும் வகையாகப் பார்த்து வாங்கச் சொன்னால் சரி, இல்லையென்றால் அதிலிருந்து கசியும் ஒலி மைக்கில் ஏறும்.

---

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும் ஐயா. ஒலியேற்றி, ஒலிபெருக்கி இரண்டும் புதியவர் காதுக்கு ஒன்றுபோலப் படாதா? 'ஒலியிணைப்பி' எப்படி?

---

படலாம், மறுக்கவில்லை. ஆனால் இணைப்பி என்றால் பல ஒலிகளை ஒன்றுசேர்ப்பது என்று தோன்றும், அது மிக்சரின் வேலை. ஒலிபெருக்கி என்றதும் எல்லாருக்கும் ஸ்பீக்கர் கண்ணில் வருகிறது, அந்த இடம் ஏற்கனவே நிரம்பிவிட்டதால் குழப்பம் ரொம்ப நாள் நிற்காது என்று நினைக்கிறேன். கூடவே, முதல் முறை வரும்போது 'ஒலியேற்றி, கடையில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று கேளுங்கள்' என்று எழுதிவிடலாம்.

---

நன்றி ஐயா. ஒலியேற்றி, இயங்குசுருள், ஒலிவட மின்சாரம், பெருக்கம் நான்கையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மூச்சுத்திரை மட்டும் மருத்துவமனைப் பொருள் போல ஒலிக்கிறது, அதற்கு வேறு யாராவது சொல்லும்வரை பாப் ஃபில்டர் என்றே விட்டுவைக்கிறேன்.