புதுப்பிப்பு: ஆறாவது சுற்றோடு அடர்த்தி நின்றுபோன கார்பன் இழை - சிலிக்கான் கார்பைடு தகடு

கார்பன் இழைத் தகட்டின் துளைகளை நிரப்ப, பாலிகார்போசிலேனை (சுட்டால் சிலிக்கான் கார்பைடு பீங்கானாக மாறும் பாலிமர்) ஊடுருவச் செய்து, ஆர்கான் வாயுவில் 1000 டிகிரி செல்சியஸ் வரை சுடும் சுற்றுகளில், ஆறாவதுக்குப் பின் தகட்டின் எடை ஏன் கூடவில்லை என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

மேற்பரப்பைத் தேய்த்துவிட்டு ஊடுருவச் செய்யுங்கள் என்ற யோசனையே பலித்தது. வைரத் தேய்ப்புத்தாளால் தேய்த்தபோது, கண்ணாடிபோல் மின்னிய கருந்தோல் நீங்கி, ஊசிமுனை அளவுத் துளைகள் தெரிந்தன. பாலிமர் பீங்கானாக மாறுகையில் சுருங்குவதால் உள்ளே புதிய துளைகள் உருவாகிக்கொண்டே இருக்க, அந்தத் தோல்தான் அவற்றின் வாயை அடைத்திருக்கிறது. வெற்றிடத்தில் ஊறவைத்து, பின் நைட்ரஜன் அழுத்தம் கொடுத்ததும் எடை மீண்டும் ஏறியது. ஒன்பதாவது சுற்றின் முடிவில், ஆர்க்கிமிடீஸ் முறையில் (நீர்மத்தில் மூழ்கவைத்து எடைபோட்டு) அளந்த திறந்த துளைகள் தகட்டின் கன அளவில் 9 விழுக்காடாகக் குறைந்தன.

எதிர்பாராத ஒன்று: முதல் சுற்றில் பெரிதும் உதவிய சிலிக்கான் கார்பைடு தூள் கலந்த குழம்பு, பிந்தைய சுற்றில் நுழைவழிகளையே அடைத்துவிட்டது. அதை முதல் சுற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.