லீ-என்ஃபீல்டு ரைஃபிள் மாடல்: பிளாக்அவுட் முடிந்தது, ஹை பாலி போகலாமா?

பெவல்_பாண்டி:
1944-இல் கோஹிமாவில் ஜப்பானியரோடு நடந்த போரின் பின்னணியில் நண்பர்களோடு ஒரு சின்ன எஃப்பிஎஸ் கேம் (விளையாடுபவர் கண்ணோட்டத்திலேயே சுடும் கேம்) செய்கிறோம், அதற்கு இந்தியச் சிப்பாய்கள் வைத்திருந்த லீ-என்ஃபீல்டு 303 ரைஃபிளை நான் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் செய்துகொண்டிருக்கிறேன். பிளாக்அவுட் வரை, அதாவது அளவும் வடிவமும் பார்க்கப் போடும் தோராய மாடல் வரை வந்தாச்சு, படங்கள் இணைத்திருக்கிறேன். கட்டை, குழல், மேகஸின், போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் பகுதி) எல்லாம் இப்போதைக்கு வெறும் பெட்டியும் உருளையும்தான், விளிம்பை மழுக்கும் பெவல்கூடப் போடவில்லை. ரைஃபிள் மாதிரிதான் இருக்கிறது, ஆனால் ஏதோ இடிக்கிறது, எங்கே என்று பிடிபடவில்லை. இப்படியே ஹை பாலிக்கு, அதாவது பாலிகன்கள் (மாடலின் சின்னச் சின்ன முகங்கள்) நிறைந்த நுணுக்கமான மாடலுக்குப் போகலாமா?

நார்மல்மேப்:
இப்போதைக்கு வேண்டாம். இடிப்பது முன்பக்கம். குழல் முனை கட்டையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது, அது லீ-என்ஃபீல்டில் நம்பர் 4 என்ற வகை. ஆனால் குறிபார்க்கும் பின் சைட் குழல் மேலே இருக்கிறது, அது நம்பர் 1 மார்க் 3 என்ற வகை. இரண்டு ரைஃபிள் ஒன்றாகக் கலந்துவிட்டது. நம்பர் 1-இல் முன்னாலுள்ள இரும்பு மூடி குழல் முனையோடு கிட்டத்தட்டச் சமமாக முடியும், மேலே சைட்டுக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி தகடு, அடியில் பயனெட் மாட்டும் குமிழ். கோஹிமா என்றால் நம்பர் 1 எடுங்கள், வங்காளத்தில் இஷாபூர் தொழிற்சாலையில் செய்தது அதைத்தான், நம்பர் 4 அங்கே செய்யவே இல்லை. மொத்த நீளம் சுமார் 1.13 மீட்டர், குழல் 64 செ.மீ. அந்த நீளத்துக்கு ஒரு பெட்டி போட்டு எல்லாவற்றையும் அதற்குள் அடக்குங்கள், அப்புறம் மாடலை முழுக்கக் கறுப்பாக்கி பக்கவாட்டு வடிவத்தை மட்டும் போட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கீஃப்ரேம்:
அனிமேஷன் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள், போல்ட்டை ஒரே துண்டாகச் செய்யாதீங்க. கைப்பிடியைத் தூக்கும்போது போல்ட் உடல் சுழலும், முன்னாலிருக்கும் போல்ட் ஹெட் சுழலாது. பின்னாலிருக்கும் காக்கிங் பீஸும் (சுடும் ஊசியோடு இணைந்த துண்டு) தனி: இழுக்கும்போது கூடவே வரும், முன்னால் தள்ளும்போது கடைசியில் சியர் என்ற கொக்கியில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும், போல்ட் மட்டும் முன்னேறும், சுட்டதும் டக்கென்று முன்னால் பாயும். மூடும்போது காக் ஆவதுதான் (சுடத் தயாராவதுதான்) இந்தத் துப்பாக்கியின் குணமே, அது தெரியாவிட்டால் இது வேறு எந்த போல்ட் ரைஃபிளாகவும் இருந்துவிட்டுப் போகலாம். மூன்று துண்டுக்கும் ஆரிஜினை (சுழலும் மையப் புள்ளியை) போல்ட்டின் மைய அச்சிலேயே வையுங்கள். அப்புறம், எஃப்பிஎஸ்ஸில் விளையாடுபவர் கண்ணெதிரே எப்போதும் இருப்பது பின் சைட்டும் போல்ட்டும்தான், பாலிகனையும் டெக்ஸ்சர் இடத்தையும் அங்கே தாராளமாகச் செலவழியுங்கள். கட்டையின் அடித்தகடு அந்தக் கேமராவில் வரவே வராது.

பெவல்_பாண்டி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நம்பர் 1-ஐயே எடுக்கிறேன், முன்பக்கத்தை மறுபடி கட்டிவிட்டு படம் போடுகிறேன். காக்கிங் பீஸ் சில போட்டோக்களில் உருண்டையாகவும் சிலதில் தட்டையாகவும் இருக்கிறதே, எது சரி?

நார்மல்மேப்:
இரண்டும் உண்டு. முதலில் உருண்டை, முதல் உலகப் போரின்போது தயாரிப்பு வேலையைக் குறைக்கத் தட்டையாக்கினார்கள். தட்டையே போடுங்கள், கேமில் ஓடும் லோ பாலி மாடலில் வளைவுக்குச் செலவாகும் பாலிகன் மிச்சம்.