பிங்க் ஃபிளாய்ட்: ‘அனிமல்ஸ்’ ஆல்பத்துக்கு ஏன் முதலிடம் தரக் கூடாது?

நள்ளிரவு வானொலி:
பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ஆல்பங்களில் எது சிறந்தது என்று யாரைக் கேட்டாலும் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ என்கிறார்கள், இல்லாவிட்டால் ‘த வால்’. 1977 ஜனவரியில் வந்த ‘அனிமல்ஸ்’ பக்கம் யாரும் திரும்புவதே இல்லை. எனக்கு அதுதான் முதலிடம். நாய், பன்றி, ஆடு என்று மனிதர்களை மூன்றாகப் பிரித்து மூன்று நீளமான பாட்டு, முன்னும் பின்னும் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு சின்னக் காதல் பாட்டு. அவ்வளவுதான் மொத்த ஆல்பமும். ‘டாக்ஸ்’ மட்டுமே 17 நிமிடம். குழுவில் கிடார் வாசிக்கும் கில்மோர் வேறெங்கும் இத்தனை கோபமாக ஒலித்ததில்லை. நடுவில் ‘ஸ்டோன்’ என்ற ஒரே சொல் திரும்பத் திரும்ப எதிரொலித்து, அர்த்தம் எல்லாம் உதிர்ந்து வெறும் ஓசையாகத் தேயும். அந்த இடத்தில் நான் வேறு எந்த வேலையும் செய்ய மாட்டேன்.

அப்போது லண்டனில் பங்க் அலை, பெரிய ராக் குழுக்களை எள்ளிய முரட்டு எளிய ராக் இசை. பங்க் பாடகர் ஜானி ராட்டன் ‘பிங்க் ஃபிளாய்டை வெறுக்கிறேன்’ என்று எழுதிய சட்டையே போட்டுக்கொண்டு திரிந்தார். அதற்கு இதைவிடக் கடுமையான பதில் வேறென்ன வேண்டும்?

கீபோர்டுக்காரன்:
பங்க்குக்குப் பதில் என்பதை நான் ஏற்கவில்லை நண்பரே. ‘டாக்ஸ்’, ‘ஷீப்’ இரண்டும் 1974லேயே வேறு பெயர்களில் மேடையில் வாசிக்கப்பட்டவை. அப்போது பங்க் எங்கே இருந்தது?

அதைவிட என் மனக்குறை வேறு. அந்த ஆல்பத்தில் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் பெயரில் ஒரு பாட்டுக்கூட இல்லை. ‘டாக்ஸ்’ கில்மோரும் பேஸ் கிடார் வாசித்த வாட்டர்ஸும் சேர்ந்து எழுதியது, மற்றதெல்லாம் வாட்டர்ஸ் மட்டும். நால்வர் இசையாக இருந்தது ஒருவர் பேச்சாக மாறத் தொடங்கிய இடம் அது. அதனால் என் முதலிடம் 1975இல் வந்த ‘விஷ் யூ வேர் ஹியர்’.

அதில் ஒன்பது பகுதிகளாக வரும் ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்’ தொடங்கி எட்டு நிமிடம் கழித்துத்தான் குரலே வருகிறது. அதுவரை யாருக்கும் அவசரமில்லை. ரைட் விரிக்கும் அந்த மெல்லிய திரையின் மேல்தான் கில்மோரின் நான்கு சுரங்கள் வந்து விழுகின்றன. திரை இல்லையென்றால் அந்த நான்கு சுரத்துக்கு அத்தனை துக்கம் வராது. மன நிலை குலைந்து 1968இல் குழுவை விட்டுப் போன அதன் முதல் பாடகர் சிட் பாரெட்டை நினைத்துச் செய்த பாட்டு அது. 1975 ஜூன் 5 அன்று அபே ரோட் ஸ்டூடியோவில் அதே பாட்டின் வேலை நடக்கும்போது, தலையும் புருவமும் மழித்து, உடல் பருத்த ஒருவர் உள்ளே வந்து நின்றார். சிட்தான். கூட வாசித்தவர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. இதைப் படித்த பிறகு அந்தப் பாட்டை என்னால் பழையபடி கேட்க முடிந்ததில்லை.

ஏழு எண்ணிக்கை:
இரண்டு பேருமே ‘டார்க் சைட்’டைத் தாண்டிப் போகிறீர்களே, வருத்தமாக இருக்கிறது. அமெரிக்க பில்போர்ட் ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 1973க்கும் 1988க்கும் இடையில் 741 வாரம் இருந்த ஆல்பம் அது. எல்லாருக்கும் பிடித்துவிட்டதாலேயே அதை ஆழமில்லாதது என்று நினைக்காதீர்கள். பணத்தைப் பற்றிய ‘மணி’ பாட்டு ஏழு எண்ணிக்கையில் போகிறது. கர்னாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு பழகிய காது உடனே நிமிர்ந்து உட்காரும். சாக்ஸஃபோன் வரை அதே ஏழுதான், கிடார் வரும்போது நாலுக்கு மாறும். அந்த மாற்றத்தில் பாட்டுக்கு இறக்கை முளைத்தது போல இருக்கும்.

கீபோர்டுக்காரன், ரைட்டுக்காகப் பேசுகிறீர்கள், சரி. அவருடைய மிகச் சிறந்த மெட்டுகள் எங்கே இருக்கின்றன? ‘அஸ் அண்ட் தெம்’, ‘த கிரேட் கிக் இன் த ஸ்கை’. இரண்டும் இங்கேதான். இரண்டாவதில் ஒரு சொல்கூட இல்லாமல் பாடிய கிளேர் டோரிக்கு அன்று கிடைத்தது 30 பவுண்டு. பின்னால் வழக்குப் போட்டு, 2005இல் சமரசமான பிறகுதான் ரைட்டுடன் அவர் பெயரும் இயற்றியவர் இடத்தில் வந்தது. சாவு பயத்தை இதைவிடத் தெளிவாக யார் பாடியிருக்கிறார்கள்?

எதிரொலி:
1971, ‘மெடில்’ ஆல்பம், அதில் ‘எக்கோஸ்’ பாட்டு. 23 நிமிடம். தொடக்கத்தில் பியானோவிலிருந்து சொட்டும் அந்த ஒற்றைச் சுரம் ஒன்றே போதும். நீங்கள் சொல்லும் எல்லா ஆல்பமும் அதிலிருந்து வந்ததுதான்.

நள்ளிரவு வானொலி:
பங்க் விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். மெட்டுகள் 1974இல் இருந்தன. ஆனால் வரிகளை வாட்டர்ஸ் மாற்றி எழுதினாரே. விலங்குகள் அப்போதுதான் உள்ளே வந்தன. கோபத்துக்கு ஒரு முகம் கிடைத்ததும் அப்போதுதான்.

ரைட் இல்லை என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ‘ஷீப்’ எப்படித் தொடங்குகிறது? ரைட்டின் எலெக்ட்ரிக் பியானோ தனியாக, வெயில் காயும் புல்வெளி மாதிரி. அந்த அமைதி இருப்பதால்தான் பின்னால் பேஸ் கிடார் பாய்ந்து வரும்போது வயிற்றைப் பிசைகிறது. வாட்டர்ஸ் இழுக்கும் ஒவ்வொரு வரியின் கடைசிச் சுரமும் அறுபடாமல் சிந்தசைசராக மாறுவதையும் கேளுங்கள். மனிதக் குரல் எங்கே முடிகிறது, இயந்திரம் எங்கே தொடங்குகிறது என்று ஹெட்போனில் கேட்டால்கூடப் பிடிபடாது.

கீபோர்டுக்காரன்:
என் குறையே அதுதான்! அந்தத் தொடக்கம் முழுக்க ரைட்டின் கை. ஆனால் பாட்டு யார் பெயரில் இருக்கிறது? இரண்டு வருடம் கழித்து ‘த வால்’ வேலையின்போது அவரைக் குழுவை விட்டே வெளியேற்றினார்கள். அந்த முடிவின் நிழல் ‘அனிமல்ஸ்’ மேல் ஏற்கெனவே விழுந்துவிட்டது. எனக்கு அது கேட்கிறது.

ஏழு எண்ணிக்கை, ‘அஸ் அண்ட் தெம்’ பற்றிச் சொன்னதற்கு என்னிடம் மறுப்பில்லை. ஒரு இத்தாலிய இயக்குநரின் படத்துக்காகச் செய்து, வேண்டாம் என்று திரும்பி வந்த மெட்டு அது. ஆனால் ‘டார்க் சைட்’ எல்லா மனிதர்களையும் பற்றிப் பேசுகிறது. ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஒரே ஒரு ஆளைத் தேடுகிறது. ‘ஷைன் ஆன்’ ஒன்பதாம் பகுதியின் கடைசியில், ஒலி அடங்கிக்கொண்டே போகும்போது, சிட் எழுதிய ‘ஸீ எமிலி ப்ளே’ மெட்டின் ஒரு துண்டை ரைட் வாசித்துவிட்டுப் போகிறார். கேட்டிருக்கிறீர்களா?

நள்ளிரவு வானொலி:
இத்தனை வருடம் அதைக் கவனித்ததே இல்லை. இப்போதுதான் கடைசி ஒரு நிமிடத்தை மூன்று முறை ஓடவிட்டேன். இருக்கிறது. என் முதலிடம் இன்னும் ‘அனிமல்ஸ்’தான், அண்ணா. ஆனால் இன்று ராத்திரி ‘ஷைன் ஆன்’ முதல் பகுதியிலிருந்து கேட்கப் போகிறேன்.