ஒன்பது மணிக்கு மேல் கடைவீதியில்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

மாடிப்படி:

சித்தி மகளுக்கு இங்கே வேலை கிடைத்திருக்கிறது. போனில் அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, டவுன்ல ராத்திரி தனியா நடக்கலாமா?" நடக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. நடக்காதே என்று சொல்லவும் மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

கடைவீதியில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் கணக்கு வேலை பார்க்கிறேன். அங்கிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் பதினோரு நிமிட நடை. ஆறு வருடமாக நடக்கிறேன். எந்தக் கல் ஆடும், எந்த வாசலில் படி நீட்டிக்கொண்டிருக்கும் என்பது காலுக்கே தெரியும்.

போன மாதம் கணக்கு முடிக்கிற நாள். கீழே இறங்கும்போது மணி ஒன்பதே கால். எதிர் வரிசையில் கடைசி ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தது. அந்தத் தெருவில் எதிரொலி உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கொஞ்ச தூரம் நடந்ததும் பின்னால் செருப்புச் சத்தம். நான் வேகம் கூட்டினால் அதுவும் கூடியது, குறைத்தால் குறைந்தது. போனைக் காதில் வைத்து, மறுமுனையில் யாருமே இல்லாமல், "வந்துட்டேன், முக்குல நில்லுங்க" என்று பேசினேன். பெரிய சாவி விரலிடுக்கில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை. வங்கி முக்கில் அந்தச் சத்தம் வலது பக்கம் பிரிந்து போய்விட்டது. நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நடந்தது அவ்வளவுதான். புகார் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஒன்பதைத் தாண்டினால் பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு இருபது நிமிடம் நடக்கிறேன்.

அறிவுரை வேண்டாம். உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள். எத்தனை மணி, தெரு எப்படி இருந்தது, அதற்கப்புறம் எதை மாற்றிக்கொண்டீர்கள். அவளுக்கு அப்படியே காட்டப் போகிறேன்.

இரவுப்பணி:

நான் செவிலியர். ராத்திரி இரண்டு மணிக்கு மருத்துவமனைத் தெருவில் நடக்க எனக்குத் துளியும் பயமில்லை. மருந்துக்கடை திறந்திருக்கும், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், நோயாளிகளின் சொந்தக்காரர்கள் தூக்கம் வராமல் உலாத்துவார்கள். பயம் அந்தத் தெரு முடிந்து கடைவீதி தொடங்கும் இடத்தில்தான் தொடங்கும். அங்கிருந்து என் வீட்டுச் சந்து வரை இருநூறு அடி இருக்குமா? அந்த இருநூறு அடியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அங்கே பூட்டிய கடை ஒன்றின் திண்ணையில் ஒருவர் படுப்பார். வயது அறுபது இருக்கும். பச்சைப் போர்வை, தலைக்கு ஒரு துணிமூட்டை. ஆரம்பத்தில் அவரைப் பார்த்தும் பயந்தேன், உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் நான் தடுக்கி விழப் போனபோது, "பாத்தும்மா, அங்க பள்ளம்" என்றார். அப்புறம் தினமும் "வேலை முடிஞ்சுதாம்மா" என்று ஒரு வார்த்தை. நானும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவேன்.

ஒரு நாள் இரண்டு பேர் பைக்கில் வந்து எனக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினார்கள். ஒருவன் பேரைக் கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, கத்த வரவில்லை. திண்ணையில் போர்வை விலகியது. "யாருடா அது, என்னடா வேணும்?" என்று அவர் போட்ட சத்தத்தில் மாடியில் ஒரு விளக்கு எரிந்தது. பைக் போய்விட்டது.

அடுத்த மாதமே அந்தத் திண்ணையில் வரிசையாகக் கூரான இரும்புக் கம்பிகளைப் பதித்துவிட்டார்கள். யாரும் படுக்கக் கூடாதாம், அவரால் கடைவீதிக்கே கெட்ட பெயராம். அவர் எங்கே போனார் என்று தெரியவில்லை. இப்போது வண்டி பிடித்து வீட்டு வாசலில்தான் இறங்குகிறேன். அந்த இடம் இப்போது பளிச்சென்று இருக்கிறது. எனக்குத்தான் அங்கே நடக்க முடியவில்லை.

ஆறடி:

மாடிப்படி அக்கா எழுதியதைப் படித்து ரொம்ப நேரம் யோசித்தேன். அந்தச் செருப்புச் சத்தம் நானாகக்கூட இருந்திருக்கலாம். நான் உயரம், தாடி, வேகமாக நடக்கிறவன். ஒரு நாள் எனக்கு முன்னால் போன பெண் திடீரென்று நின்று, சுவரோடு ஒட்டிக்கொண்டு, நான் தாண்டிப் போகும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் சொன்னேன். "இது உனக்கு இப்பதான் தெரியுதா?" என்றாள். இப்போதெல்லாம் முன்னால் யாராவது தனியாகப் போனால் எதிர்ப்பக்கம் மாறிக்கொள்கிறேன். சில நேரம் சும்மா போனை எடுத்து வீட்டுக்குப் பேசுவேன். சாதாரணக் குரல் கேட்டால் அவர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஓய்வுபெற்றவர்:

எனக்கு 71 வயது. எனக்கு நேர்ந்த இரண்டுமே பட்டப்பகலில். முதலாவது, நடைபாதையில் மூடாமல் விட்ட கால்வாய்ப் பலகை. மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தேன். இரண்டாவது, காலை பதினொன்றரைக்கு, தோளோடு தோள் உரசும் கூட்டத்தில், கையில் இருந்த போனைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். கூட்டம் இருந்தால் பாதுகாப்பு என்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். அத்தனை பேரும் அவரவர் வேலையாகப் போய்க்கொண்டிருந்தால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

புகார் கொடுக்கப் போன இடத்தில் என்னைக் கேட்ட கேள்வி: "இந்த வயசுல கூட்டத்துல எதுக்கு வந்தீங்க?" அதற்கப்புறம் யாருக்குப் புகார் கொடுக்கத் தோன்றும்? மருந்து வாங்கக்கூட இப்போது பக்கத்து வீட்டுத் தம்பியைத்தான் அனுப்புகிறேன்.

எண்ணிப்பார்:

கோபித்துக்கொள்ள வேண்டாம். இத்தனை பேர் எழுதியதில் உண்மையில் குற்றம் நடந்தது ஒருவருக்குத்தான், அதுவும் பகலில். பல நாடுகளின் கணக்கெடுப்புகளில் திரும்பத் திரும்ப வருவது ஒன்று உண்டு. தெருவில் அடிதடிக்கு அதிகம் ஆளாவது இளைஞர்கள்; பயம் அதிகம் என்று சொல்வது பெண்களும் முதியவர்களும். எங்கோ நடந்த ஒரு வீடியோவை நம் தெரு என்று குழுவில் பரப்புகிறார்கள். பத்துப் பேர் அதைப் பார்த்துவிட்டு வெளியே வராமல் இருந்தால், அந்தத் தெரு அதனாலேயே வெறிச்சோடிவிடும். பயத்தை நாமே வளர்க்கிறோமோ என்பது என் கவலை.

இரவுப்பணி:

அந்த வீடியோ விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்தக் கணக்கை இன்னொரு பக்கமும் பாருங்கள், தம்பி. நான் வண்டியில் போகிறேன், அக்கா இருபது நிமிடம் சுற்றுகிறார், ஐயா வீட்டை விட்டே வருவதில்லை. நாங்கள் அந்தத் தெருவில் இல்லவே இல்லை. இல்லாத ஆளுக்கு என்ன நேரும்? எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். பைக்கில் வந்து பேர் கேட்டவனை நான் எங்கேயும் புகார் செய்யவில்லை. அதுவும் உங்கள் கணக்கில் இருக்காது.

கடைக்காரர்:

கடைவீதியில் முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். முன்பு பத்தரை வரை திறந்திருப்போம். பக்கத்துக் கடை ஒன்பதுக்கு மூட ஆரம்பித்தது. எதிர்க்கடை எட்டே முக்கால். தனியாக ஒருவன் வெளிச்சம் போட்டு உட்கார்ந்திருந்தால் அவனுக்கும்தான் பயம், கல்லாவில் அன்றைய வசூல் இருக்கும். அதனால் நானும் ஒன்பதுக்கு மூடினேன். ஆள் வரவில்லை என்று நாங்கள் மூட, கடை இல்லை என்று ஆள் வராமல் போக, இதில் எது முந்தி என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

ஒன்று மட்டும் செய்தேன். கெட்டி ஷட்டரை எடுத்துவிட்டு வலைக்கம்பி ஷட்டர் போட்டேன். உள்ளே ஒரு விளக்கு விடிய விடிய எரிகிறது. வெளிச்சம் நடைபாதையில் விழும், உள்ளே யாராவது புகுந்தாலும் வெளியிலிருந்து தெரியும். திருட்டு பயத்துக்காகச் செய்ததுதான். ஆனால் இரவில் அந்த வழியாகப் போகிறவர்கள் என் கடை வாசலில் நின்றுதான் போன் பேசுகிறார்கள், வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். கேமராவில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

தெருவரைபடம்:

நகரத் திட்டமிடல் படிக்கிறேன். இங்கே எழுதியிருப்பதைப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும் போலிருந்தது. நீங்கள் சொல்லும் "பயமாக இருக்கிறது" என்பதை உலகம் அளக்கத்தான் செய்கிறது. ஐ.நா. 2015-ல் ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்கான குறியீடுகளில் ஒன்று (16.1.4), இருட்டிய பிறகு தன் பகுதியில் தனியாக நடக்கும்போது பாதுகாப்பாக உணர்கிறவர்கள் எத்தனை பேர் என்பது. குற்றக் கணக்கு தனி, இது தனி. எண்ணிப்பார் அண்ணா கேட்டதும் இரவுப்பணி அக்கா சொன்னதும் இரண்டுமே அதனால்தான் வேண்டியிருக்கிறது.

விளக்கு போட்டால் பயம் மட்டும்தான் போகும், குற்றம் குறையாது என்று என் வகுப்பிலேயே வாதம் நடந்தது. நியூயார்க்கில் 2016-ல் பொதுக் குடியிருப்பு வளாகங்கள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கூடுதல் விளக்குக் கோபுரங்களை நிறுத்திப் பார்த்தார்கள். இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடும் குற்றங்கள் ஏறக்குறைய 36 சதவீதம் குறைந்தன. அமெரிக்காவிலேயே பிலடெல்பியாவில் 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் மட்டும் குப்பையை அள்ளி, புல்லும் சில மரங்களும் நட்டு, குட்டையான வேலி போட்டார்கள். அந்த மனைகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களிடம், வெளியே போகும்போது இருந்த அச்சம் பாதிக்கும் மேல் குறைந்ததாக 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. காவலுக்கு ஆள் போட்டு வந்த மாற்றம் இல்லை இது. கடைக்காரர் ஐயாவின் வலைக்கம்பி ஷட்டரும் இந்த வகைதான்.

ஆனால் வெளிச்சம் என்றால் கண்ணைக் கூசும் ஒரே ஒரு பெரிய விளக்கு என்று நினைத்துவிடக் கூடாது. அதன் கீழே நிற்கிறவருக்கு அதைத் தாண்டி எல்லாமே கறுப்பு. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், நமக்கோ நான்கு எட்டில் அடுத்த இருட்டு வந்துவிடும். எதிரே வருபவரின் முகம் நான்கு மீட்டர் தூரத்திலாவது தெரிய வேண்டும் என்பது தெருவிளக்குத் துறையில் நெடுநாளாகப் பேசப்படும் அளவு. விலகுவதா, தாண்டிப் போவதா என்று முடிவெடுக்க அந்தத் தூரமாவது வேண்டும்.

1989-ல் டொராண்டோவில் பெண்கள் சேர்ந்து ஒரு வேலை தொடங்கினார்கள். பாதுகாப்புத் தணிக்கை என்று பெயர். இருட்டிய பிறகு நாலைந்து பேராக அந்தத் தெருவில் நடந்து, ஒவ்வொரு இடத்திலும் நின்று எழுத வேண்டும். இங்கிருந்து முன்னால் வருவது தெரிகிறதா? என்னை யாராவது பார்க்க முடிகிறதா? கத்தினால் கேட்குமா? ஓட வேண்டுமென்றால் எந்தப் பக்கம்? இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நீங்கள் சரி என்றால் வெள்ளிக்கிழமை நம் கடைவீதியிலேயே நடந்து பார்க்கலாம்.

மாடிப்படி:

நடந்தோம். ஒன்பது பேர். ஆறடி தம்பியும் வந்தார், எண்ணிப்பாரும் வந்தார்.

பதினோரு நிமிட வழியைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எனக்குச் செருப்புச் சத்தம் கேட்ட இடத்தில் விளக்கு இருக்கிறது, எரியவும் செய்கிறது. வேப்பமரம் வளர்ந்து அதை முழுக்க மூடிவிட்டது. வெளிச்சமெல்லாம் இலைக்கு மேலேயே நின்றுவிடுகிறது. ஆறு வருடமாக அதன் கீழே நடக்கிறேன், ஒரு நாளும் தலை நிமிர்ந்து பார்த்ததில்லை. பேருந்து நிறுத்தத்தில் விளம்பரப் பலகை பக்கவாட்டில் நிற்பதால், உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. ஐயா விழுந்த கால்வாய்ப் பலகை இன்னும் மூடவில்லை.

வங்கிக்கு முன்னால் நின்று, "கத்தினால் கேட்குமா" என்பதை நிஜமாகவே செய்து பார்த்தோம். எண்ணிப்பார்தான் கத்தினார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இன்னொரு முறை கத்தினார். மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் திறந்து ஒரு பாட்டி, "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கட்டடத்தில் ஆள் குடியிருப்பதே எங்களுக்குத் தெரியாது. எண்ணிப்பார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

எல்லாவற்றையும் எழுதி நகராட்சியில் கொடுத்திருக்கிறோம். கிளை வெட்ட ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கடைக்காரர் ஐயா இன்னும் மூன்று பேரிடம் வலைக்கம்பி ஷட்டர் பற்றிப் பேசியிருக்கிறார். ஒருவர் ஒத்துக்கொண்டார்.

தங்கைக்கு இப்படி எழுதினேன்: "எட்டரை வரை எங்கே வேண்டுமானாலும் நட. அதற்கு மேல் வங்கி முக்கு வரை நடக்கலாம், அதைத் தாண்டிப் பெரிய சாலை. முதல் இரண்டு வாரம் நான் கூட வருகிறேன். மூன்றாம் மாடிப் பாட்டியிடம் உன்னை அறிமுகம் செய்து வைக்கிறேன்."

இரவுப்பணி அக்கா, அந்தத் திண்ணையையும் பார்த்தோம். கம்பியை எடுக்கச் சொல்லி அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம்.

இரவுப்பணி:

அவரைக் கண்டுபிடித்துவிட்டேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் படுக்கிறார், அதே பச்சைப் போர்வை. "இப்பல்லாம் வேற வழியா போறியாம்மா?" என்று கேட்டார்.