மறுமொழி: ஃபீட்பேக், ரிஃப்ளெக்‌ஷன் – இயன்முறை மருத்துவப் பயிற்சிக்கு இரண்டு சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

இயன்முறை மருத்துவ (பிசியோதெரபி) பயிற்சிக் கையேட்டுக்காக இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு நான் தமிழ் கேட்டதற்கு, இத்தனை பேர் மெனக்கெட்டுப் பதில் எழுதியதற்கு நன்றி. எல்லா மடல்களையும் படித்தபின் ஃபீட்பேக்குக்குப் பின்னூட்டம், ரிஃப்ளெக்‌ஷனுக்கு ஓர்வு என்று வந்து நிற்கிறேன். முன்னது செய்தவரிடம் அவர் செய்ததைப் பற்றிச் சொல்வது, பின்னது தன் வேலையைத் தானே எண்ணிப் பார்ப்பது. காரணங்களைச் சொல்கிறேன். உடன்படாதவர்கள் தயங்காமல் மறுத்து எழுதுங்கள்.

> நோயாளிக்குச் சொல்வது பின்னூட்டம், பயிற்சி மருத்துவருக்குச் சொல்வது கருத்துரை என்று பிரித்துவிடலாமே?

ஐயா, பிரிக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். வார்டில் தினமும் நடப்பதைப் பாருங்கள். பக்கவாதத்தில் இடது பக்கம் பலவீனமான ஒருவருக்கு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எழப் பயிற்சி. எழும்போதெல்லாம் உடம்பு வலப்பக்கம் சாய்கிறது, எடை முழுவதையும் வலது காலே வாங்கிக்கொள்கிறது. பயிற்சி மருத்துவர், "இடது காலையும் நல்லா ஊனுங்கய்யா" என்கிறார். அடுத்த முறை, "இப்போ கட்டிலைப் பிடிக்காமலே எழுந்துட்டீங்க" என்கிறார். முதலாவது அசைவைப் பற்றியது, இரண்டாவது விளைவைப் பற்றியது. நோயாளி இளைப்பாறும் நேரத்தில், பக்கத்தில் நின்ற மூத்தவர் பயிற்சி மருத்துவரிடம் மெல்லச் சொல்கிறார்: "இடது பாதம் முழங்காலைத் தாண்டி முன்னாடி இருக்கு, பாத்தியாம்மா? அதைப் பின்னால இழுத்து வைக்காம எடை எப்படி அதுல ஏறும்?"

மூன்று பேச்சும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. செய்தவரிடம், செய்ததைப் பற்றி, அடுத்த முறை மாற்றிக்கொள்ள உதவும்படி ஒரு சேதி போகிறது. அதனால் அசைவுப் பின்னூட்டம், விளைவுப் பின்னூட்டம் என்று அடைமொழி சேர்த்துக்கொள்வோம், வேர்ச்சொல் ஒன்றாகவே இருக்கட்டும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. இயக்கக் கற்றல், அதாவது உடலசைவுகளைக் கற்றுக்கொள்வது பற்றி சல்மோனி, ஷ்மிட், வால்ட்டர் ஆகிய மூவரும் 1984இல் எழுதிய மீளாய்வு எங்கள் துறையில் இன்றும் பேசப்படுகிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் உடனுக்குடன் விளைவைச் சொல்லிக்கொண்டே இருந்தால் பயிற்சி நேரத்தில் நன்றாகச் செய்வார்கள், சொல்வதை நிறுத்தியதும் தடுமாறக்கூடும் என்பது அதன் சாரம். சொல்பவரையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்கிறார்கள். இதை நோயாளிக்கு அக்கறையாகக் கடைப்பிடிக்கும் நாங்கள், புதிதாக வந்தவர்கள் விஷயத்தில் மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு அடிக்கும் "சார், இது சரியா?" என்று திரும்பிப் பார்க்கும் பயிற்சி மருத்துவருக்கும் அதே சிக்கல்தான். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் அந்த உறவு தானாகக் கண்ணில் படும்.

பின்னூட்டம் என்றால் வலைப்பதிவுக் கமெண்ட் என்ற நினைவு வருமே என்றார் ஒருவர். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது எல்லோரும் கருத்து, கமெண்ட் என்றே எழுதுகிறார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை, இதைக் கையேட்டிலேயே எழுதவிருக்கிறேன். குறை சொல்வதை "எதிர்மறைப் பின்னூட்டம்" என்று தயவுசெய்து மொழிபெயர்க்க வேண்டாம். எங்கள் மாணவர்கள் உடலியங்கியலில் அந்தப் பெயரை முதலாண்டிலேயே படித்துவிடுகிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் இன்சுலின் சுரந்து அதை இறக்கும், இறங்கியதும் சுரப்பு குறையும். நிலை தவறுவதைத் திரும்பச் சமநிலைக்குக் கொண்டுவருவதுதான் அது, கெட்டது அல்ல. அதே பெயரைத் திட்டு வாங்குவதற்கும் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். திருத்தப் பின்னூட்டம் போதும். வள்ளுவர் 'இடிப்பாரை' என்று தொடங்கும் குறளைக் காட்டி "இடித்துரை" என்று பரிந்துரைத்தவரின் மடல் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனாலும் நன்றாகச் செய்ததை எடுத்துச் சொல்வதும் பின்னூட்டம்தானே. அது இந்தச் சொல்லுக்குள் அடங்காது.

சரி, ரிஃப்ளெக்‌ஷனுக்கு வருவோம். இதில்தான் இழுபறி.

பிரதிபலிப்பு ஒளிக்கும் கண்ணாடிக்கும் உரியது. இலங்கை நண்பர் சொன்ன தெறிப்பும் அப்படியே. அதோடு அங்கே ரிஃப்ளெக்ஸுக்குத் தெறிவினை என்று பெயர். முழங்கால் தசைநாணைத் தட்டினால் கால் தன்னால் உதைப்பது தெறிவினை. நாம் பெயர் தேடுவதோ, யோசிக்காமல் நடப்பதற்கு நேர் எதிரானது. இரண்டும் ஒரே வேரில் நின்றால் எங்கள் மாணவர்களுக்குத்தான் சங்கடம்.

சுயவிமர்சனம் வேண்டவே வேண்டாம். படித்து முடித்து வருபவர்கள் ஏற்கெனவே தங்களைத் தாங்களே நொந்துகொண்டிருக்கிறார்கள். கல்வியாளர் கிப்ஸ் இதற்காக 1988இல் வகுத்த சுழற்சியைப் பாருங்கள். என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, எது நன்றாக வந்தது, எது வரவில்லை, ஏன், வேறென்ன செய்திருக்கலாம், இனி என்ன செய்வேன் என்று போகிறது. இதில் குறை தேடுவது ஒரு மூலைதான்.

பலரும் ஆதரித்த மீள்நோக்கு நல்ல சொல். நானும் முதலில் அந்தப் பக்கம்தான் இருந்தேன். தடுத்தது, தொழில்வல்லுநர்கள் வேலையில் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த டொனால்ட் ஷான். 1983இல் அவர் இதை இரண்டாகப் பிரித்தார். ஒன்று வேலை முடிந்தபின் யோசிப்பது, மற்றொன்று வேலையின் நடுவிலேயே யோசித்து அப்போதே மாற்றிக்கொள்வது. மேலே சொன்ன பயிற்சி மருத்துவர், பாதத்தைப் பின்னால் வைத்தும் நோயாளி திணறுவதைக் கண்டு, யாரும் சொல்லாமலே கட்டிலின் உயரத்தைக் கொஞ்சம் ஏற்றுகிறார் என்று வையுங்கள். உயரம் கூடினால் எழ வேண்டிய சிரமம் குறையும். அது இரண்டாவது வகை. அங்கே 'மீள்' ஒட்டாது, ஏனென்றால் இன்னும் எதுவும் முடியவில்லை.

ஓர்தல் என்றால் ஆராய்தல், எண்ணித் தெளிதல். "ஓர்ந்துகண் ணோடாது" என்ற குறளில் பார்த்திருப்பீர்கள். குற்றத்தை ஆராய்ந்து, யார் பக்கமும் சாயாமல் என்று பொருள். தன் வேலையைத் தானே அப்படிப் பார்ப்பதற்கு இதைவிடப் பொருந்திய வினை எனக்குத் தெரியவில்லை. புதுச்சொற்களும் எளிதாகப் பிறக்கின்றன. செயலிடை ஓர்வு, செயற்பின் ஓர்வு, ஓர்வுச் சுழற்சி, ஓர்வுக் குறிப்பு. கடைசிச் சொல்தான் எனக்கு அவசரமாகத் தேவை. நம்மூரில் லாக்புக் பெரும்பாலும் எத்தனை நோயாளிக்கு என்ன சிகிச்சை என்று எழுதிக் கையெழுத்து வாங்கும் நோட்டாகவே இருக்கிறது. பிரிட்டனில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள், அங்கே தொழில்முறைப் பதிவைத் தக்கவைக்கத் தொடர்ந்து கற்றதற்கான ஆவணங்களைப் பேண வேண்டும் என்று கேட்டதும் திகைக்கிறார்கள். இங்கே தன் வேலையை ஓர்ந்து எழுதிவைக்கும் பழக்கத்துக்கு ஒரு பெயர்கூட இல்லாததால் யாரும் சொல்லித்தரவும் இல்லை.

எதிர்ப்புகளையும் யோசித்தேன். பழக்கமில்லாத சொல் என்பது உண்மைதான், ஆனால் வகுப்பில் சொல்லச் சொல்லப் பழகிவிடும். காதில் 'சோர்வு' போல விழும் என்பதுதான் எனக்கே உறுத்துகிறது. எங்களிடம் தசைச்சோர்வு அன்றாடச் சொல். பேச்சில் "ஓர்ந்து பார்" என்று வினையாகவே புழங்கினால் இது பெருமளவு தீரும் என்று நம்புகிறேன்.

அப்புறம் ஒன்று பாக்கி. ஷான் சொல்லும், இந்தப் பழக்கம் கைவந்த தொழில்வல்லுநரை எப்படி அழைப்பது? ஓர்வாளர் என்று எழுதிப் பார்த்தேன், ஆய்வாளர் போல ஒரு பதவிப்பெயராகத் தொனிக்கிறது. இதற்கு மட்டும் யோசனை தேவை.

அன்புடன்,
மருத்துவமனையிலிருந்து ஓர் இயன்முறை மருத்துவர்