கொள்ளுப்பாட்டி போட்டோவுக்கு ஜாக்கெட் போடலாமா?

சேலத்து_மாம்பழம்:
வணக்கம்ங்க. கொஞ்சம் வில்லங்கமான கேள்வி, சிரிக்காம பதில் சொல்லுங்க. வர்ற தையில வாழப்பாடி பக்கத்துல புது வீடு பால் காய்ச்சறோம், ஹால்ல பெரியவங்க படம் மாட்டலாம்னு பரண்ல கெடந்த டிரங்குப் பெட்டிய எறக்கினப்ப எங்க அம்மாயியோட அம்மா படம் ஒண்ணு கெடச்சுது. கறுப்பு வெள்ளை, ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருக்கு. திண்ணையில உக்காந்து கேமராவ மொறைச்சு பாக்குது, முழங்கை வரைக்கும் பச்சை குத்தியிருக்கு, வெள்ளைச் சேலை, தலையில முக்காடு. ஆனா ஜாக்கெட் கெடையாது, ஒரு பக்கம் தோள்ல இருந்து விலா வரைக்கும் வெறும் உடம்புதான்.

பெருசு பண்ணி ஃபிரேம் போட ஸ்டுடியோவுக்கு எடுத்துட்டு போனா, அந்தத் தம்பி நான் கேக்காமலே "அண்ணா, பாட்டிக்கு ஒரு ஜாக்கெட் போட்டுடலாம், 300 ரூபா சேத்தி ஆகும், கலர் மட்டும் சொல்லுங்க"ன்னான். இதுக்குன்னே நெறைய பேர் வர்றாங்களாம். அம்மா உடனே போடச் சொல்றாங்க, சம்பந்தி வீட்டாளுங்க வருவாங்க மானம் போயிரும்னு. எனக்கு என்னமோ மனசு ஒப்பல. அந்தக் காலத்துல நெசமாவே யாருக்கும் கூச்சம் இல்லையா? அப்புறம் இத ஃபேஸ்புக்ல போட்டா கேஸ் கீஸ் ஆகுமா?

ஓமலூரான்:
தம்பி எனக்கு 58 வயசு. எங்க அப்பாயி சாவற வரைக்கும் ஜாக்கெட் போட்டு நான் பாத்ததில்ல. நாத்து நட்டது, சந்தைக்கு போனது, தாரமங்கலம் கோயிலுக்கு என்னை இடுப்புல வெச்சு தூக்கிட்டு போனது எல்லாம் அப்படியேதான், ஒருத்தரும் திரும்பி பாத்ததில்ல. எங்கம்மா கல்யாணமாகி வந்து எந்நேரமும் ஜாக்கெட்டோட இருந்ததுக்கு "இவ என்ன டீச்சரம்மாளா"ன்னு கேட்டுச்சாம் கெழவி! தாரமங்கலத்துல ரதி மன்மதன் தூண பாத்திருப்பீங்க, அங்க கல்லுல நிக்கற பொம்பளைங்க யாருக்கும் ரவிக்கை இல்ல, குழந்தை குட்டியோட போயி பாத்துட்டுதான் வர்றோம். கருவறைல இருக்கற சாமிக்கு பட்டு கட்டறோம், தூண்ல இருக்கறத அப்படியே விட்டுடறோம், ஏன்னு கேட்டா யாருக்கும் பதில் தெரியாது.

சித்திரக்குள்ளன்:
அந்த ஸ்டுடியோ தம்பிக்கு 450 வருஷம் முன்னாடியே ரோம்ல ஒரு அண்ணன் இருந்தாருங்க. போப்பாண்டவரோட சிஸ்டைன் சேப்பல்ங்கற தேவாலயச் சுவத்துல மைக்கேலாஞ்சலோ 1541ல 'கடைசித் தீர்ப்பு' வரஞ்சு முடிச்சாரு, அதுல புனிதர்கள்ல இருந்து பாவிங்க வரைக்கும் முக்காவாசிப் பேர் அம்மணம். அப்பவே பொகைய ஆரம்பிச்சது, அவர் செத்த கையோட டேனியல் டா வோல்டெர்ராங்கறவர கூப்பிட்டு, அவருக்கு வேண்டப்பட்ட ஆளுதான் பாவம், துணி வரையச் சொல்லிட்டாங்க. வரஞ்சாரு. ஊரே அவருக்கு 'கால்சட்டைக்காரர்'னு பட்டப்பேரு வெச்சிருச்சு, நல்ல ஓவியர்தான், இன்னைக்கும் அந்தப் பேர்லதான் ஞாபகம் வெச்சிருக்காங்க. இதுல கூத்து என்னன்னா 1994ல படத்த சுத்தம் பண்ணி முடிச்சப்ப, பின்னால வந்தவங்க பூசின துணில நெறையத்த எடுத்துட்டாங்க, டேனியல் போட்டத மட்டும் விட்டுட்டாங்க, அதுவும் சரித்திரம் ஆயிருச்சாம். நாளைக்கு உங்க பேரன் வந்து எந்த ஜாக்கெட்ட எடுக்கறது எத விடறதுன்னு முழிப்பான் பாத்துக்கங்க.

எடப்பாடி_எக்ஸ்பிரஸ்:
300ஆ? எங்க ஊர்ல 150தான், பார்டரோட போட்டுத் தருவாங்க 😂

கொங்குச்சிங்கம்:
ஜாக்கெட்டே வெள்ளைக்காரன் கொண்டு வந்ததுங்க. நம்மாளுங்க சுதந்திரமா இருந்தாங்க, விக்டோரியா ராணி காலத்துலதான் இந்த வெக்கமெல்லாம் வந்துச்சு. படத்த அப்படியே மாட்டுங்க.

நாஞ்சில்_மருமக:
மேல இருக்கற அண்ணனுக்கு. படத்த மாட்டச் சொல்றது சரி, காரணம்தான் சரியில்ல. நான் நாகர்கோவில் பக்கம், கல்யாணமாகி அஸ்தம்பட்டில இருக்கேன். எங்க ஊர்ல போடாம இருந்தது சுதந்திரம் இல்ல, போடக்கூடாதுன்னு சட்டம். திருவிதாங்கூர்ல நாடார் பொம்பளைங்க மேல்துண்டு போட்டா சந்தைல வெச்சு கிழிச்சிருக்காங்க. குப்பாயம்னு ஒரு சட்டைய மட்டும் போட்டுக்கன்னு விட்டாங்க, மேல்சாதிக்காரங்க போடற மாதிரி தோள்சீலை மட்டும் கூடாது. வருஷக்கணக்கா சண்ட, வீடு எரிப்பு எல்லாம் நடந்து, மெட்ராஸ் கவர்னர் நெருக்கி, 1859 ஜூலை 26ல தான் மகாராஜா எறங்கி வந்தாரு, அப்பவும் மேல்சாதி மாதிரி போடக்கூடாதுன்னு ஒரு வால் ஒட்டிதான் விட்டாரு. அதனால ஓமலூர் அண்ணனோட அப்பாயி தோளும் எங்க பூட்டி தோளும் ஒண்ணு இல்லங்க.

வெள்ளைக்காரன்தான் கொண்டு வந்தான்ங்கறதும் முழுசா சரியில்ல. கச்சு நம்ம பழைய பாட்டுலயே வருது. இப்ப நாம போடற ஜாக்கெட் பாவாடை ஸ்டைல அந்தப் பக்கம் பரப்பினது வங்காளத்து ஞானதாநந்தினி தேவி, தாகூர் குடும்பத்து மருமக. வெளிய நாலு எடம் போய் வரணும்னா அதுக்கு ஒரு உடுப்பு வேணும்னு அந்தம்மா நெனச்சிருக்கு.

ஏற்காடு_டு_ஃபின்லாந்து:
நான் ஏற்காடு லேடீஸ் சீட்டு பக்கம் பொறந்து வளந்தவன், இப்ப ஃபின்லாந்துல வேலை. இங்க 55 லட்சம் ஜனம், 30 லட்சத்துக்கு மேல சவுனா. ஆபீஸ்ல சேந்த மொத மாசமே டீம் சவுனான்னு கூட்டிட்டு போனாங்க, ஆம்பளைங்க தனி பொம்பளைங்க தனி, உள்ள போனா எங்க மேனேஜர் பொறந்த மேனிக்கு உக்காந்துட்டு ப்ராஜெக்ட் டெலிவரி பத்தி பேசறாரு. நான் ரெண்டு துண்டு சுத்தி நட்டுக்கிட்டு நின்னேன். கடைசில பாத்தா அந்த எடத்துலயே எல்லாரும் திரும்பி திரும்பி பாத்தது என்னைய மட்டும்தான். அதே மேனேஜர் பஸ்ல பக்கத்து சீட்டுல யாராச்சும் உக்காந்தா நெளியற ஆளு!

அம்மாபேட்டை_அக்கா:
வெளிநாடு எதுக்குப்பா, ஒகேனக்கல் போயி பாரு. ஆம்பளைங்க ஜட்டியோட பாறைல படுத்து எண்ணெய் மசாஜ் பண்ணிட்டு கெடப்பாங்க, குடும்பம் குடும்பமா அத தாண்டிதான் போறோம். நாங்க சுடிதாரோட குளிச்சாலே போன தூக்கிட்டு வந்துருவானுங்க. காந்தி 1921ல மதுரைல சட்டைய கழட்டினா மகாத்மா, எங்க பாட்டி கழனில அப்படி நின்னா படத்துக்கு ஜாக்கெட். நல்லா இருக்கு நியாயம்.

கோர்ட்டு_வாசல்:
கேஸ் பத்தி கேட்டீங்க. நிர்வாணம்னாலே ஆபாசம் ஆகாது. இங்கிலாந்துல 1868ல வந்த ஒரு அளவுகோல வெச்சுதான் ரொம்ப நாள் ஓட்டிட்டு இருந்தாங்க, 2014ல அவீக் சர்க்கார் வழக்குல சுப்ரீம் கோர்ட் அத தள்ளிட்டு, இன்னைய சமுதாயம் எப்படி பாக்குதுன்னு முழுப் படத்தையும் வெச்சு பாக்கணும்னு சொல்லிருச்சு. அது டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் ஜோடியோட துணியில்லாம எடுத்த படம், அதுக்கே ஒண்ணும் ஆகல. பாட்டி படத்துக்கு போலீஸ் வராது, சொந்தக்காரங்கதான் வருவாங்க.

சேலத்து_மாம்பழம்:
எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து அம்மாயிகிட்டயே படத்த காட்டி கேட்டுட்டேன், 84 வயசு, கண்ணு மங்கல். கிட்ட வெச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு சிரிக்க ஆரம்பிச்சிருச்சு. போட்டோ புடிக்க வந்தவன் மூஞ்சி இருட்டா விழுது, முக்காட்ட எடுங்கன்னு சொன்னானாம். "தாலியறுத்தவள தல தெரிய உக்காரச் சொல்றியா, மானங்கெட்டவனே"ன்னு கெழவி கம்ப தூக்கிட்டு அடிக்கப் போயிருச்சாம், சமாதானம் பண்ணி உக்கார வெச்சு எடுத்ததாம் இது, அதான் அப்படி மொறைக்குது. தோள் பத்தி கேட்டா அம்மாயிக்கு கேள்வியே புரியல.

ஜாக்கெட் வேணாம், ஃபிரேம் மட்டும் போடுன்னு சொல்லிட்டேன். அம்மா இன்னும் பேசல.